பழைய பிக்கப்புக்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்றினேன்: யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

பழைய பிக்கப் வண்டிக்குக் கிளட்ச் மாற்றப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், கிளட்ச் பிளேட் (என்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு) என்ன விலை, எந்தக் கம்பெனி நன்றாக உழைக்கும் என்பதோடு பேச்சு நின்றுவிடும். நானும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டுதான் வேலையில் இறங்கினேன். உண்மையில் பிளேட்டைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை. அந்தப் பிளேட்டைக் கண்ணால் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கிய பிறகு தெரியவரும் தேய்மானங்களுக்கெல்லாம் பொருள் வாங்க வேண்டும். வாங்கி முடிக்கும் வரை வண்டி படுத்தே கிடக்கும், பிழைப்பும் அதோடு சேர்ந்து படுக்கும். என் பணத்தையும் நாட்களையும் தின்றவை இந்த மூன்றும்தான். பெங்களூரில் ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கும் நம்மவர்கள் பலர் செலவைக் குறைக்க இந்த வேலையை வீட்டு வாசலில் செய்து பார்க்க நினைக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் செடிகளும் தொட்டிகளும் விற்கும் சிறிய கடை என்னுடையது. வண்டி 2008-இல் பதிவான பொலேரோ பிக்கப். ஓசூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளிலிருந்து செடி, பாட்டரி டவுனிலிருந்து மண் தொட்டி, இவற்றுக்கு மேல் செம்மண்ணும் தொழுவுரமும் என்று எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டி. ஓசூர் இங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் திரும்பி வரும்போது எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டால் அடி அடியாக ஊர்ந்துதான் வர வேண்டும். அப்படி ஊரும்போது கால் பாதி கிளட்சிலேயே இருக்கும். பிளேட் முழுதாகப் பிடிக்கவும் செய்யாமல், முழுதாக விடவும் செய்யாமல், என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கும், அதன்மேல் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே உரசிச் சூடேறிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் தேய்மானம். இத்தனை ஆண்டுகள் இந்த ஊர் நெரிசலில் இவ்வளவு பாரம் இழுத்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் அறிகுறி லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் தெரிந்தது. செம்மண் மூட்டைகளோடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் மட்டும் கூடியது, வண்டியின் வேகம் கூடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது கருகிய வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து சமதளத்தில் நிறுத்தி, முன்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, கைப்பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்காவது கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். என் வண்டியில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிளேட் வழுக்குகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறையும் மீதமிருக்கும் பிளேட்டை நீங்களே எரிக்கிறீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். என்ஜின் உறுமியும் வண்டி இழுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது பெடலில் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லாமல் எப்போதும் அரைகுறையாக அழுத்தப்பட்டே இருக்கலாம். பெடலைத் தரைவரை அழுத்தியும் கியர் விழாமல் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு எண்ணெய் அழுத்தத்தில் இருக்கும். பெடல் பக்கத்தில் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ, கியர்பாக்ஸ் பக்கத்தில் அதை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரோ கசியும், அல்லது குழாயில் காற்று நுழைந்திருக்கும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை. சில நூறு ரூபாயில் முடியும் கசிவுக்காக முழுக் கிளட்சையும் மாற்றி, அதன் பிறகும் அதே கோளாறோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெடலின் ஆட்டத்தையும், கிளட்ச் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் மட்டத்தையும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பணிமனையில் 17,500 ரூபாய் கேட்டார்கள். அதில் ஃப்ளைவீல் வேலையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றுவதும் சேராது, பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அதோடு தசரா நெருங்கியிருந்த நேரம். ஆயுத பூஜைக்கு முன்னால் ஊரில் எல்லா வண்டிகளும் பணிமனைக்கு வந்துவிடும், பூஜை முடிந்துதான் கை வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கோ தீபாவளிக்கு முன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தொட்டியும் செடியும் கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் கையில் இருந்தது. என்னிடம் நல்ல ஸ்பேனர் செட் உண்டு. பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்து பழக்கம். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வேலை அடுத்த மாதத்துக்குள் நுழைந்துதான் முடிந்தது.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி, வீட்டுக்காரர் அனுமதித்த சிமெண்டுத் தரை இருந்தது. மண் தரையிலோ சரிவிலோ இந்த வேலையைத் தொடவே கூடாது. ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூட நுழையாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் கல் இரண்டையும் முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும் பொருள்கள் அவை. 2,600 ரூபாய் கொடுத்து நல்ல ஜாக் ஸ்டாண்டுகள் வாங்கினேன். இந்த முழுக் கதையிலும் நான் மனமார மகிழ்ந்து செய்த செலவு அதுதான். ஸ்டாண்டின் மேல் சேஸிஸை உட்கார வைத்து, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, வண்டியைப் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போனேன். அப்படியிருந்தும் முதல் முறை மல்லாந்து படுத்து, இரண்டு டன்னுக்குப் பக்கமான இரும்பு முகத்துக்கு ஒரு முழம் மேலே நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. அந்தப் பயம் நல்லது. அடியில் இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி கடைக் கணக்கு நோட்டை வாசலிலேயே கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார்.

கழற்றுவதில் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டாரில் கை வைக்கப்போவதால் இதை விட்டுவிடக் கூடாது. பிறகு கியர் ஆயிலை வடித்துவிட்டேன். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், அது இணையும் இடத்து இரண்டு ஃபிளாஞ்சு வட்டுகளிலும் பெயிண்டால் ஒரே கோடு போட்டுக்கொண்டேன். மறுபடி அதே நிலையில் மாட்டாவிட்டால் வேகத்தில் வண்டி அதிரக்கூடும். கேபினுக்குள் ரப்பர் உறையைத் தூக்கிக் கியர் லீவரை எடுத்து, அந்த ஓட்டையில் சுத்தமான துணியைத் திணித்து மூடினேன். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தாலும் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் வயர், ஸ்டார்ட்டர், ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கியர்பாக்ஸை என்ஜினோடு இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தேனோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். மேலே இருக்கும் போல்ட்டுகளுக்குக் கை நுழையாது. கியர்பாக்ஸைக் கீழிருந்து தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்த பிறகு என்ஜினின் பின்பக்கம் கொஞ்சம் தாழும், அப்போது நீளமான எக்ஸ்டென்ஷனைப் பின்னாலிருந்து விட்டால் அவை சிக்கும். ஆனால் என்ஜினைத் தானாகத் தொங்க விடக் கூடாது. என்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்புக்குக் கீழே தடித்த பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் என்ஜினைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டுகள் கிழியும், முன்னால் விசிறி போய் ரேடியேட்டர் கூட்டில் இடிக்கும்.

இதுவரை எல்லாம் நினைத்தபடி போயிற்று. எல்லா போல்ட்டும் கையில் வந்த பிறகு கியர்பாக்ஸ் இரண்டு விரல் அளவு பின்னால் நகர்ந்தது, அங்கேயே நின்றுவிட்டது. வாடகைக்கு எடுத்த கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் அது சமமாகத்தான் உட்கார்ந்திருந்தது. இழுத்தேன், ஆட்டினேன், துரு நீக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்தேன், அசையவில்லை. அந்த மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மாதங்கள் என்பது ஊருக்கே தெரியும், இருந்தாலும் அப்படி ஒரு மழையை வண்டிக்கு அடியில் இருந்து பார்க்க யாருக்கும் வாய்க்கக் கூடாது. தார்ப்பாயைக் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி பாதி பிரிந்து கிடக்கிறது, பணிமனைக்கு இழுத்துக்கொண்டு போகவும் வழியில்லை, ஜாக்கிக்கு நாள் வாடகை ஏறுகிறது, செடி கேட்டு வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நிலையில் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத தனிமை மிகக் கொடுமையானது.

மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர், எங்கள் தெருவில் பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் நெம்புகோலை எடுத்ததைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அது அலுமினியம். இரும்பை வைத்து நெம்பினால் போல்ட் மாட்டும் காது உடைந்துவிடும். உள்ளே பைலட் பேரிங் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேராகப் பிடித்து, மட்டம் மாறாமல், இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும்" என்றார். கியர்பாக்ஸின் உள்ளிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி, என்ஜினின் சுழல் அச்சான கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன பேரிங்கில் உட்காரும். என் வண்டியில் அந்த பேரிங் காய்ந்து துருவேறி ஷாஃப்ட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பெரியவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அசைக்க அசைக்க, மதியத்துக்குள் அது விட்டது. அவர் வரவில்லை என்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கியர்பாக்ஸ் இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கத் திணறும் எடை. அதை நெஞ்சின் மேல் வைத்து இறக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். துணைக்கு ஆளும், சரியான ஜாக்கியும் உறுதியான பிறகே முதல் போல்ட்டைத் தளர்த்துங்கள்.

உள்ளே பார்த்தால் கருப்புத் தூள் மண்டிக் கிடந்தது. இதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவதைப் பட்டறைகளில் பார்க்கிறோம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்த இழை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்தேன். பிளேட் ரிவெட் தலைகள் வரை தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன. பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பதை வாசனையே சொல்லிவிடும். கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும், என்ஜின் ஆயில் கருத்து மெல்லியதாக இருக்கும். எனக்கு வந்தது என்ஜின் ஆயில். அப்படியென்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போய்விட்டது. அதை அப்படியே விட்டுப் புதுப் பிளேட்டைப் போட்டால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்து வழுக்கத் தொடங்கும்.

பொருள் வாங்க ஜே.சி. ரோடு போனேன். பெங்களூரில் வண்டி உதிரிபாகம் என்றால் கால் தானாக அங்கேதான் போகும். பிளேட், பிரஷர் பிளேட், பெடலை அழுத்தும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 8,400 ரூபாய். வீட்டுக்கு வந்து, மாட்டுவதற்கு முன் புதுப் பிளேட்டைக் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. வெளி விட்டம் பழையதோடு அச்சாகப் பொருந்தியது, நடுவில் இருக்கும் பல்வரிசை வேறு. ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு என்ஜின், கியர்பாக்ஸ் மாறும்போது உள்ளிருக்கும் பாகமும் மாறிவிடும். கடைக்காரர் நல்லவர், மாற்றித் தர ஒப்புக்கொண்டார். ஆனால் பூஜை விடுமுறை வந்துவிட்டது. கடை வாசலில் வாழைக்கன்றும் பூசணிக்காயும் இருந்தன, ஷட்டர் இறங்கியிருந்தது. லேத் பட்டறையும் மூடியிருந்தது. அந்த நாட்கள் அப்படியே போயின. பழைய பிளேட்டையும் வண்டியின் சேஸிஸ் எண்ணையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், கடையிலேயே பல்லை எண்ணிப் பாருங்கள். விடுமுறை வரும் வாரத்தில் வண்டியைப் பிரிக்காதீர்கள்.

கடைகள் திறந்ததும் ஃப்ளைவீலைக் கலாசிபாளையம் பக்கத்தில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். முகத்தைச் சீவி மட்டம் செய்ய 900 ரூபாய். சில ஃப்ளைவீல்களில் பிளேட் உரசும் இடமும் பிரஷர் பிளேட் உட்காரும் இடமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும், அப்படியானால் இரண்டையும் ஒரே அளவு சீவ வேண்டும் என்று லேத்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் சீவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எனக்கு மேலோட்டமாக இருந்ததால் தப்பியது. பின்பக்க சீல் 650, பைலட் பேரிங் 280. இவை இரண்டும் சேர்ந்தாலும் ஆயிரத்தைத் தொடவில்லை. ஆனால் இவற்றை மாற்றாமல் மூடிவிட்டுப் பிறகு கோளாறு வந்தால், மறுபடி முழு வண்டியையும் பிரிக்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க சீல் மூன்றையும் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே என் தீர்மானமான கருத்து. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்காரும் குமிழையும் பாருங்கள், தேய்ந்திருந்தால் பெடல் எப்போதும் கனமாகவே இருக்கும்.

பொருத்தும்போது சுத்தம்தான் எல்லாம். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை பிரேக் கிளீனரால் முழுதாகத் துடைக்க வேண்டும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கும். பிளேட் நடுவில் நேராக உட்காராவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. அதற்காகச் சிவாஜிநகரில் குஜிரி என்ற பழைய இரும்புச் சந்தையில் தேடி, இதே கியர்பாக்ஸின் தேய்ந்த இன்புட் ஷாஃப்ட் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் பிளேட் வழியாகப் பைலட் பேரிங் வரை செருகி வைத்துவிட்டு, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒரே பக்கமாக முறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும். ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் மெல்லிய படலமாகத்தான் இருக்க வேண்டும், கூடுதலாக வைத்தால் சுழலும்போது தெறித்துப் பிளேட்டில் படியும்.

கியர்பாக்ஸை ஏற்றும் நாளில் பெரியவர் சொல்லிக்கொடுத்த ஓர் உபாயம் என் முதுகைக் காப்பாற்றியது. பெல் ஹவுசிங் போல்ட் அளவிலேயே இரண்டு நீளமான போல்ட்டுகள் வாங்கி, தலையை அறுத்துவிட்டு, என்ஜினின் இரு பக்கமும் திருகி வைத்தோம். கியர்பாக்ஸ் அந்த இரண்டு கம்பிகளின் மேல் ஏறித் தானாக நேராக வழுக்கி வந்தது. டாப் கியரில் போட்டு, பின் ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும். கடைசியில் ஒரு விரல் இடைவெளி நிற்கும், அங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும். மீதியைப் போல்ட்டை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. எங்கோ ஏதோ பொருந்தவில்லை என்றுதான் அந்த இடைவெளி சொல்கிறது, முறுக்கினால் ஹவுசிங் விரிசல் விடும். அதுபோல, பாதி நுழைந்த கியர்பாக்ஸை ஒரு நொடிகூடத் தொங்க விடாதீர்கள். அதன் எடை முழுவதும் பிளேட்டின் நடுப்பகுதியில் விழுந்து அது வளைந்துவிடும், புதுக் கிளட்ச் முதல் நாளே அதிரும்.

எல்லாம் ஏறி முடிந்து, கியர் ஆயில் ஊற்றி, பெடலை அழுத்திப் பார்த்தேன். முதலில் சரியாக இருந்த பெடல் சற்று நேரத்தில் தரையோடு போய்விட்டது. ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் கிளட்ச் வந்ததும் பிஸ்டன் நிற்கும் இடம் மாறும். இத்தனை ஆண்டு உரசாமல் துருவேறிக் கிடந்த பகுதியில் பழைய ரப்பர் உரசி அறுந்துபோகும். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தையும் சோர்வையும் சொல்லி முடியாது. நல்லவேளையாக ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கும் பாகம், புதியது 1,350 ரூபாய். பழைய வண்டி என்றால் இதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிறகு என் மனைவி பெடலை அழுத்திப் பிடிக்க, நான் கீழே ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை விடும் திருகான நிப்பிளைத் திறந்து மூடி, காற்றை வெளியேற்றினோம். "இன்னும் எத்தனை தடவை அழுத்தணும், சொல்லிக்கொண்டே இருங்கள்" என்று அவர் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. மேலே எண்ணெய் மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் மறுபடி காற்று ஏறும். அந்த எண்ணெய் பெயிண்டை அரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

கணக்கை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் செட், லேத், சீல், பைலட் பேரிங், பழைய ஷாஃப்ட், ஸ்லேவ் சிலிண்டர் சேர்த்து 11,880 ரூபாய். கியர் ஆயிலும் கிளட்ச் எண்ணெயும் 1,050. கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகை 2,000. ஸ்டாண்டு 2,600. துரு எண்ணெய், கிளீனர், கையுறை, விளக்கு என்று சில்லறை 1,100. மொத்தம் 18,630. பணிமனை கேட்ட தொகையைவிட இது அதிகம், ஆனால் அவர்கள் சேர்க்காத வேலைகளும் இதில் அடக்கம் என்பதால் பொருள் செலவில் நான் நஷ்டப்படவில்லை. நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. வண்டி படுத்திருந்த நாட்களில் செடி ஏற்றிவரக் குட்டி யானை வாடகைக்கு எடுத்ததில் 11,500 ரூபாய் போனது. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒப்பந்தமும் கைவிட்டுப் போனது, சொன்ன தேதியில் தொட்டிகளைச் சேர்க்க முடியவில்லை என்று வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆகவே வண்டி ஓடினால்தான் அன்றைய வரும்படி என்ற நிலையில் இருப்பவர்கள், மாற்று வண்டிக்கு ஏற்பாடு இல்லாமல் இந்த வேலையை வீட்டில் தொடங்க வேண்டாம் என்பேன். மாற்று வண்டியும், சமதளமும், துணைக்கு ஒருவரும், பொருள் எல்லாம் முன்கூட்டியே கையிலும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். எனக்கு இந்த வேலை இப்போது பிடித்திருக்கிறது, அடுத்த முறையும் நானேதான் செய்வேன். முடித்த பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை பாரத்தைக் குறைத்து, பாதிக் கிளட்சில் நிற்காமல் ஓட்டினேன். ஒரு வாரம் கழித்து அடியில் போய் பெல் ஹவுசிங், குறுக்குச் சட்டம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்தேன். குறுக்குச் சட்டத்தில் ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது.

பணிமனையில் கொடுப்பவர்கள் வண்டியை விடும் முன்பே நான்கு கேள்விகள் கேளுங்கள். ஃப்ளைவீல் லேத்துக்குப் போகுமா, பின்பக்க சீலும் பைலட் பேரிங்கும் இந்தத் தொகையில் சேருமா, ஸ்லேவ் சிலிண்டரைப் பார்ப்பீர்களா, கழற்றிய பாகங்களை என்னிடம் தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு ஒப்புக்கொள்ளும் பணிமனையைத் தேர்ந்தெடுங்கள். கைக்கு வந்த பழைய பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது, பட்டை எண்ணெயில் நனைந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நனைந்திருந்தால் சீல் மாற்றியதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.